ஒத்துப்போகாத ரீடிங்

நம் பொறியியல் கல்லூரி மாணவர் யாருடைய மின்சுற்று லேப் ரெக்கார்டு நோட்டை எடுத்துப் புரட்டினாலும் ஒரு அட்டவணை இருக்கும். ஒரு பத்தியில் கோட்பாட்டு மதிப்பு, பக்கத்திலேயே செய்முறை மதிப்பு. 3.33 வோல்ட்டுக்கு நேரே 3.33, 6.67க்கு நேரே 6.66. அடியில் ஒரு வரி: 'கிர்க்காஃப் மின்னழுத்த விதி சரிபார்க்கப்பட்டது.' லேப் மேசையில் அவ்வளவு துல்லியம் வருவது அபூர்வம். தங்க நிறப் பட்டை போட்ட 1 கிலோ ஓம் மின்தடையின் உண்மை மதிப்பு 950 ஓமாகவும் இருக்கலாம், 1050 ஓமாகவும் இருக்கலாம். நோட்டு நோட்டாக இப்படிப் பொருந்திவரும் எண்களில் பெரும்பாலானவை மீட்டர் காட்டியவையாக இருக்காது. ஆசிரியர் எதிர்பார்ப்பார் என்று மாணவர் நினைத்து எழுதியவையாகவே இருக்கும்.

அந்த மேசைகளுக்கு நடுவே பல ஆண்டுகள் நடந்த ஆசிரியன் என்ற முறையில் சொல்கிறேன்: மின்சுற்றின் அடிப்படையைக் கற்க லேப்பைப் போன்ற இடம் வேறில்லை. ஆனால் அதை நாம் நடத்தும் விதம் அதன் பலனில் பாதியை வீணாக்குகிறது.

முதலில் அதன் பலங்கள். கரும்பலகையில் மின்சுற்று என்பது நாலு கோடு. பிரெட்போர்டில் அது கைவேலை. ஒரே வரிசையில் இருக்கும் ஐந்து துளைகளும் உள்ளே ஒன்றோடொன்று இணைந்தவை என்பது, மின்தடையின் இரு கால்களையும் அதே வரிசையில் செருகிவிட்டு ரீடிங் வராமல் விழித்த பிறகுதான் மனதில் பதிகிறது. அம்மீட்டரைத் தொடரிணைப்பிலும் வோல்ட்மீட்டரைப் பக்க இணைப்பிலும் வைக்க வேண்டும் என்பதைப் பள்ளியிலேயே மனப்பாடம் செய்திருப்பார்கள். மல்டிமீட்டரை மின்னோட்ட நிலையில் வைத்து சப்ளையின் இரு முனைகளிலும் தொட்டு ஃபியூஸைப் போக்கிய மாணவருக்கு அதன் காரணமும் புரிந்துவிடும். கால் வாட் தாங்கும் 100 ஓம் மின்தடைக்கு 10 வோல்ட் கொடுத்தால் அதில் 1 வாட் செலவாகும், தாங்கும் அளவைப் போல நாலு மடங்கு. இந்தக் கணக்கைத் தேர்வு முடிந்ததும் மறந்துவிடுவோம். மின்தடை கருகும் வாசனை மறக்காது. மின்சாரத்தின் மேல் இருக்கும் பயம் போய் அந்த இடத்தில் கவனம் வருவதும் இங்கேதான். இதையெல்லாம் எந்த வகுப்பறையும் தர முடியாது.

இனி குறை. அது 'சரிபார்த்தல்' என்ற சொல்லிலேயே இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்திலும் மின்சுற்று ஆய்வகத்தின் நோக்கமாக இந்தச் சொல்லே வருகிறது: கிர்க்காஃப் விதிகளைச் சரிபார், தெவெனின் தேற்றத்தைச் சரிபார், நார்ட்டன் தேற்றத்தைச் சரிபார். விடை தெரிந்த கேள்வியோடு உள்ளே வரும் மாணவருக்கு, விடையோடு ஒத்துப்போகாத ரீடிங் அவமானமாகத் தெரிகிறது. மதிப்பெண் குறையுமே என்று அதைத் திருத்திவிடுகிறார். நாலைந்து பேர் கொண்ட பேட்சில் இணைப்புக் கொடுப்பவர் ஒருவர், மற்றவர்கள் எண்களை எழுதிக்கொள்பவர்கள். சீனியரின் ரெக்கார்டு கையில் இருந்தால் அந்த ஒருவரும் தேவையில்லை.

திருத்தப்பட்ட அந்த எண்ணோடு என்ன போகிறது என்பதை ஒரு நாள் பக்கத்தில் நின்று பார்த்தேன். இரண்டு 1 மெகா ஓம் மின்தடைகளைத் தொடராக இணைத்து 10 வோல்ட் கொடுக்கச் சொல்லியிருந்தேன். ஒவ்வொன்றின் குறுக்கேயும் 5 வோல்ட் வர வேண்டும். ஒரு மாணவியின் கையில் முள் காட்டும் பழைய மல்டிமீட்டர் இருந்தது. முள் 1.4 வோல்ட் பக்கத்தில் நின்றது. அடுத்த மின்தடையிலும் அதே அளவு. இரண்டையும் கூட்டினால் 3 வோல்ட்கூட இல்லை. வயரை மாற்றினார், மின்தடைகளை மாற்றினார், சப்ளையை அளந்தார். அது சரியாக 10 காட்டியது. பிறகு ஓசைப்படாமல் அப்சர்வேஷன் நோட்டில் 5.0, 5.0 என்று எழுதினார். நான் டிஜிட்டல் மல்டிமீட்டரை நீட்டினேன். அது 4.76 காட்டியது.

"சார், இதுல எது சார் சரி?"

இரண்டுமே சரிதான். வோல்ட்டுக்கு 20,000 ஓம் கொண்ட அந்த முள் மீட்டரின் உள்தடை, 10 வோல்ட் அளவையில் 200 கிலோ ஓம். 1 மெகா ஓமுக்குப் பக்கத்தில் அதை இணைத்தால் இரண்டும் சேர்ந்து 167 கிலோ ஓமாகச் சுருங்கி, 1.43 வோல்ட் மட்டுமே மிஞ்சும். டிஜிட்டல் மீட்டரின் உள்தடை 10 மெகா ஓம் என்பதால் அது சுற்றைக் கொஞ்சமாகத்தான் கலைத்தது. கிர்க்காஃப் விதி எங்கும் பொய்க்கவில்லை. ஒவ்வொரு முறை மீட்டரை வைத்தபோதும் அது வேறொரு சுற்றாக மாறியிருந்தது. அளக்க வந்த கருவியும் சுற்றில் ஓர் உறுப்பாகிவிடுகிறது என்ற பெரிய பாடம் அந்த 1.4க்குள் இருந்தது. அதை அழித்துவிட்டு 5.0 எழுதுவதற்குத்தான் நாம் பத்துக்குப் பத்து போட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஓம், கிர்க்காஃப் விதிகள் பிறந்த கதையும் இதையே சொல்கிறது. ஜெர்மானியப் பள்ளி ஆசிரியரான ஓம் 1825இல் வெளியிட்ட முதல் முடிவு தவறானது. அவர் பயன்படுத்திய மின்கலத்தின் அழுத்தம் நிலையாக நிற்கவில்லை. இயற்பியலாளர் போகன்டார்ஃப் சொன்ன யோசனைப்படி பிஸ்மத்–செம்பு வெப்ப இரட்டைக்கு மாறி, மறுபடி அளந்தார். 1827இல் நூலாக வந்தது இன்று நாம் படிக்கும் விதி. கிர்க்காஃப் தம் விதிகளை 1845இல் எழுதியபோது அவருக்கு வயது 21. கோனிக்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் நாய்மனின் கருத்தரங்கில் பயின்ற மாணவர். ஒரு மாணவரின் பயிற்சியில் பிறந்த விதியை, நம் மாணவர்களுக்கு வெறும் நகல் வேலையாக்கிவிட்டோம்.

இது என் மனக்குறை மட்டுமில்லை. பாடக் கருத்தை வலுப்படுத்தவே நடத்தப்படும் இயற்பியல் ஆய்வகங்களால் தேர்வு மதிப்பெண்ணில் அளக்கத்தக்க பலன் எதுவும் தெரியவில்லை என்று இயற்பியல் கல்வி ஆய்வாளர் நடாஷா ஹோம்ஸும் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமனும் 2018இல் எழுதினார்கள். இவர்களும் டக் பானும் 2015இல் வெளியிட்ட ஆய்வில் மாற்று வழியும் இருக்கிறது. அளந்ததை எதிர்பார்ப்போடு ஒப்பிட்டு, வேறுபாடு ஏன் என்று கேட்டு, திரும்ப அளக்கும்படி பழக்கப்பட்ட மாணவர்கள், தாமாகவே சோதனையை மேம்படுத்த முனைவது மற்றவர்களைவிட 12 மடங்கு அதிகமாக இருந்தது.

ஆசிரியர்கள் பக்கமும் நியாயம் உண்டு. ஒரே பிற்பகலில் பல பேட்ச், குறைந்த கருவிகள், வரப்போகும் வெளித்தேர்வாளர். எல்லாருக்கும் ஒரே விடை இருந்தால் மதிப்பிடுவது எளிது. முதல்முறை சப்ளையைத் தொடுபவருக்கு வரிசையான செய்முறை பாதுகாப்பும்கூட. ஆகவே சரிபார்க்கும் சோதனைகளை அடியோடு எடுத்துவிட வேண்டும் என்று சொல்ல மாட்டேன். கணினி உருவகம் இருக்கிறதே, லேப் எதற்கு என்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. திரையில் 1 கிலோ ஓம் எப்போதும் சரியாக 1000 ஓம்தான். நாமே சேர்க்காதவரை அங்கே பெரும்பாலும் மீட்டரின் உள்தடையும் கணக்கில் வராது. கணக்கைச் சோதிக்க அது நல்ல துணை. கணக்குக்கும் பொருளுக்கும் இடையிலுள்ள தூரத்தை அது காட்டாது.

வேண்டியது சிறிய மாற்றம்தான். அந்த அட்டவணையில் மூன்றாவதாக ஒரு பத்தி சேருங்கள்: 'வேறுபாடு, அதற்குக் காரணம்.' மதிப்பெண்ணில் பாதியை அதற்கு ஒதுக்குங்கள். மின்தடையை இணைக்கும் முன் அளந்து எழுதச் சொல்லுங்கள். வாரத்துக்கு வாரம் இணைப்புக் கொடுப்பவர் மாறட்டும். பருவத்தில் ஒரு முறையாவது விடை சொல்லாமல் ஒரு மூடிய பெட்டியைக் கொடுத்து, உள்ளே இருக்கும் சுற்றின் தெவெனின் மதிப்புகளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். வைவாவில் தேற்றத்தை ஒப்பிக்கச் சொல்வதை விட்டு, "இந்த ரீடிங் ஏன் குறைந்தது?" என்று கேளுங்கள். இதற்கெல்லாம் புதிதாக ஒரு கருவிகூட வாங்க வேண்டியதில்லை.

மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை: மீட்டர் என்ன காட்டுகிறதோ அதையே எழுதுங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் அழிக்காதீர்கள். பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு ஆசிரியரைக் கூப்பிடுங்கள்.