எழுநூறு அடி மிச்சம்

1960 மே 25. எவரெஸ்ட்டின் மேல்முகட்டில் நவாங் கோம்பு, சோனம் கியாட்சோ, நரேந்திர குமார் மூவரும் 28,300 அடி உயரத்தில் நின்றார்கள். உச்சிக்கு இன்னும் எழுநூறு அடிதான். எதிரே பனியை வாரி இறைக்கும் காற்று. மூவரும் திரும்பினார்கள். பிரிகேடியர் கியான் சிங் தலைமையில் போன முதல் இந்திய எவரெஸ்ட் குழுவின் முயற்சி அத்தோடு முடிந்தது. பதிவேட்டில் அது தோல்வி. இந்திய மலையேற்றம் ஆடிய மிகச் சிறந்த ஆட்டங்களில் ஒன்று என்று நான் அதைச் சொல்வேன்.

நம் ஊர் திருவாலங்காட்டுச் சமதரையில் எழுநூறு அடி மூன்று நிமிட நடை. அந்த உயரத்தில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் இங்கே கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்கு. ஓர் அடி வைத்துவிட்டு நாலைந்து முறை மூச்சு வாங்கினால்தான் அடுத்த அடி. புதுப்பனி விழுந்திருந்தால் முழங்கால் வரை புதையும். சாய்வு குறைந்த சரிவுகளில் காலணிக்கு அடியில் அகலமான பனிச்சட்டம் கட்டிக்கொண்டு புதையாமல் நடக்கலாம். கத்தி முனை போன்ற முகட்டில் அதற்கு இடமில்லை. முன்னால் போகிறவர் பனியை மிதித்துத் தடம் போட வேண்டும். அவர் களைத்தால் அடுத்தவர் முன்னே வர வேண்டும். இப்படி எழுநூறு அடிக்குப் பல மணி நேரம் போய்விடும். போன தூரம் முழுவதையும் வெளிச்சம் இருக்கும்போதே, உருளையில் ஆக்சிஜன் தீருவதற்குள், இறங்கியாக வேண்டும். ஆகவே அந்த நாளில் சோதிக்கப்படுவது கால் பலம் மட்டும் அல்ல. ஆக்சிஜன் குறையும்போது முதலில் மங்குவது புத்தி. அந்த மங்கிய புத்தியோடு சரியான கணக்குப் போடுவதுதான் இந்த விளையாட்டின் மிகக் கடினமான திறமை.

1962இல் மேஜர் ஜான் டயஸ் தலைமையில் இரண்டாவது குழு. மே 30 அன்று சோனம் கியாட்சோ, ஹரி டாங், மோகன் கோலி மூவரும் 28,600 அடி வரை போனார்கள். இம்முறை மிச்சம் நானூறு அடி. கடைசி முகாமில் அவர்கள் கழித்தது மூன்று இரவுகள். அவற்றில் இரண்டு ஆக்சிஜன் இல்லாமல். இரண்டு ஆண்டு முன்பு எழுநூறு அடியில் திரும்பிய கியாட்சோ, இப்போது நானூறு அடியில் திரும்புகிறார். அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! 'இன்னும் கொஞ்சம்தானே' என்ற எண்ணம்தான் அந்த உயரத்தில் ஆளைக் கொல்லும். அதை இரண்டு முறை வென்றவர் அவர்.

நம் பக்கத்து இளைஞர்களுக்கு இது தூரத்துக் கதை இல்லை. கும்மிடிப்பூண்டியில் இரவு ஷிப்ட் முடித்த கையோடு நாகலாபுரம் மலைக்குப் போகிறார்கள். பிப்ரவரி பிறந்தால் அரக்கோணத்தில் ரயில் ஏறி வெள்ளியங்கிரிக்குப் புறப்படுகிறார்கள். ஏழாவது மலை கண்ணில் பட்ட பிறகு நெஞ்சு அடைத்தாலும் நிற்க மனம் வராது. வந்துவிட்டுத் தரிசனம் இல்லாமல் திரும்பினால் ஊரில் என்ன சொல்வார்கள் என்ற கூச்சம். அங்கே மூச்சுத் திணறி இறந்தவர்களைப் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் எனக்குக் கியாட்சோ நினைவுதான் வருகிறது.

பெரியபுராணம் சொல்வது போல, கயிலையைத் தலையால் நடந்து ஏறிய காரைக்கால் அம்மையார் வந்து சேர்ந்த ஊர் நம் திருவாலங்காடு. அந்தக் கயிலை உச்சியில் இன்றுவரை யாரும் கால் வைத்ததாகப் பதிவு இல்லை. 1955இல் கஞ்சன்ஜங்காவில் முதன்முதலாக ஏறிய ஜோ பிரவுனும் ஜார்ஜ் பேண்டும், சிக்கிம் மக்களின் நம்பிக்கைக்கு மதிப்புக் கொடுத்து, உச்சிக்குச் சில அடி கீழேயே நின்றுகொண்டார்கள். அது முதல் ஏற்றம்தான் என்று மலையேற்ற உலகம் தயங்காமல் எழுதி வைத்தது. கடைசி அடியை மட்டும் வைத்து மதிப்பெண் போடும் பழக்கம் இந்த விளையாட்டுக்கே அந்நியம்.

மூன்றாவது எவரெஸ்ட் குழு புறப்பட்ட 1965க்கு வருவோம். இம்முறை தலைவர், நானூறு அடியில் திரும்பிய அதே கோலி. ஏப்ரல் கடைசியில் முதல் முயற்சி. வானிலை கெட்டதும் குழுவை அடிவார முகாமுக்கே இறக்கிவிட்டார். இரண்டு வாரம் காத்திருப்பு. பருவமழை நெருங்கும் நேரத்தில், மூன்றாவது முறையும் வெறுங்கையோடு போனால் நாடு என்ன சொல்லும் என்ற பாரத்தோடு, ஏறிய உயரத்தையெல்லாம் விட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தார்! 1962இன் அந்த மூன்று இரவுகளை அனுபவித்தவர் என்பதால்தான் அவரால் அது முடிந்தது என்று நினைக்கிறேன்.

மே 20 அன்று குழுவின் சீமாவும் கோம்புவும் உச்சியில். 1963இல் அமெரிக்கக் குழுவோடு ஏற்கெனவே ஏறியிருந்த கோம்பு, எவரெஸ்ட்டை இரண்டு முறை தொட்ட முதல் மனிதரானார். மே 22 அன்று சோனம் வாங்யாலோடு கியாட்சோ. மே 29க்குள் மொத்தம் ஒன்பது பேர்! ஒரே குழுவில் இத்தனை பேர் ஏறிய அந்தச் சாதனை பல ஆண்டுகள் நிலைத்தது.

1960இல் திரும்பிய மூவரில் குமார் மட்டும் உச்சிக்குப் போகவில்லை. 1961இல் நீல்கண்ட் மலையில் பனிக்கடியால் கால்விரல்களை இழந்தவர் அவர். 1965 குழுவின் துணைத் தலைவர் அவர்தான். 1977இல் கஞ்சன்ஜங்காவின் வடகிழக்கு முகடு வழியாக, அதுவரை யாரும் ஏறி முடிக்காத பாதையில், ராணுவக் குழுவை நடத்திச் சென்றார். மே 31 அன்று பிரேம் சந்தும் நீமா தோர்ஜேவும் மேலே ஏறி முடித்தார்கள்.