பாட்டியை நம்பி ஒரு பயிற்சித் திட்டம்

பேராக்கில் தாதியர் டிப்ளோமா படிக்கும் இளம் தாயிடம் பிள்ளையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டால், பெரும்பாலும் வரும் பதில் "அம்மா இருக்காங்க" என்பதுதான். பட்டமளிப்பு நாளில் பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு மண்டப வாசலில் நிற்கும் பாட்டியைப் படம் எடுத்துப் பெருமையோடு பகிர்கிறோம். பெருமைக்குரியதுதான். ஆனால் ஒரு குடும்பத்தின் பாசத்தை நம்பியே ஒரு பயிற்சித் திட்டம் நடக்கலாமா என்ற கேள்வியை நாம் எழுப்புவதே இல்லை.

முதலில் இந்தப் படிப்பின் சுமையைப் பார்ப்போம். டிப்ளோமா மூன்று ஆண்டுகள், முழுநேரப் படிப்பு. வகுப்போடு மருத்துவமனைப் பயிற்சியும் சேர்ந்தது. விடுபட்ட பயிற்சி நாளைப் பிறகு ஈடுகட்டியே ஆகவேண்டும். இதில் தளர்வு கேட்பது நியாயமில்லை. ஊசி போடும் கை பழகியிருக்க வேண்டும். நாளை அந்தக் கட்டிலில் படுக்கப்போவது நம் வீட்டாராகவும் இருக்கலாம். ஏற்கெனவே தாதியாக இருப்பவர் மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்துக்கொண்டே இளங்கலை படிக்கலாம். புதிதாகச் சேர வருகிறவளுக்கு அந்த வழி இல்லை.

அரசு மருத்துவமனை வார்டுகளில் காலை முறை 7 மணி முதல் 2 வரை, பிற்பகல் முறை 2 முதல் 9 வரை, இரவு முறை 9 முதல் மறுநாள் 7 வரை. சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர். ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையில் காலை 7 மணிக்கு நோயாளிகளின் நிலையைக் கேட்டு ஏற்றுக்கொள்ள நிற்க வேண்டுமானால், ஆறு மணிக்கு முன்பே வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். அப்போது பிள்ளை தூக்கத்தில் இருக்கும். பராமரிப்பு மையங்கள் அலுவலகம் போகும் பெற்றோரின் நேரத்தை வைத்துத் திறப்பவை. இரவு ஒன்பது மணிக்குப் பிள்ளையை வாங்கிக்கொள்ளும் மையம் அரிது. இந்த இடைவெளியில்தான் பாட்டி வந்து நிற்கிறார்.

பாட்டி தரும் நன்மைகளைக் குறைத்துச் சொல்ல முடியாது. காய்ச்சல் கண்ட பிள்ளையைப் பராமரிப்பு மையம் திருப்பி அனுப்பும், பாட்டி அனுப்பமாட்டார். தடுப்பூசிப் புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு கிளினிக்கில் வரிசையில் உட்காருவதும் அவர்தான். வீட்டில் தமிழ் ஒலிப்பதும் பல நேரங்களில் அவரால்தான். அவரிடம் வளர்ந்த பிள்ளை தமிழ்ப்பள்ளியின் முதலாம் ஆண்டில் மிரளாமல் வாய் திறக்கிறது. காசு கொடுத்து வாங்க முடியாத நன்மைகள் இவை.

குறை எங்கே என்றால், அந்தப் பாட்டியின் முழங்காலிலிருந்தே தொடங்கலாம். இன்று அறுபதைக் கடந்திருக்கும் இவர்களில் பலர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். விடியுமுன் பெரட்டு எனும் ஆள் கணக்கெடுப்புக்குப் போய், வாளி வாளியாகப் பால் சுமந்து தேய்ந்த உடம்பு. இனிப்பு நீருக்கு மாத்திரை போட்டுக்கொண்டே, ஓடும் வயதுப் பிள்ளையின் பின்னால் ஓடுகிறார். சம்பளம் இல்லை, லீவும் இல்லை. முடியவில்லை என்று சொல்லவும் வழியில்லை. சொன்னால் மகளின் படிப்பு நின்றுவிடும்.

இதே பாட்டி இளந்தாயாக இருந்தபோது தன் பிள்ளையை எங்கே விட்டார்? ஆயாக் கொட்டகையில். சுங்கை சிப்புட் வட்டாரத்து எல்பில், கமுனிங் போன்ற தோட்டங்களின் காலத்தை அறிந்தவர்களுக்கு அது தெரிந்த இடம். சேலைத் தொட்டில்கள் தொங்கும் கொட்டகை. மரம் வெட்ட முடியாத வயதான பெண்மணி ஒருவர் ஆயா. அவரைச் சுற்றிப் பிள்ளைகள். அதைப் பொற்காலமாகச் சித்திரிக்க மாட்டேன். சுகாதாரம் போதாது, ஆளும் போதாது. தாயைக் காலையிலேயே மரத்தடிக்கு அனுப்பத்தான் நிர்வாகம் அதைக் கட்டியது. பிள்ளையின் மீது கொண்ட அக்கறையால் அல்ல. ஆனால் இருளில் வேலைக்கு வரும் பெண்ணுக்குக் கைக்குழந்தை இருக்கும், அதற்கு ஓர் இடம் கொடுப்பது வேலை வாங்குகிறவரின் பொறுப்பு என்ற உண்மையை அந்தக் கொடுமையான அமைப்பும் ஒப்புக்கொண்டது. தோட்டங்கள் கைமாறி, செம்பனையாகவும் வீடமைப்புத் திட்டங்களாகவும் மாறியபோது கொட்டகை போனது. லயத்தில் அடுத்தடுத்து வாழ்ந்த சித்தியும் பெரியம்மாவும் அடுக்குமாடி வீடுகளுக்கும் வேறு ஊர்களுக்கும் சிதறினார்கள். எஞ்சியது பாட்டி ஒருவர்தான். அவரும் இல்லாத பெண், மாமியார் சம்மதிக்காத பெண், கணவனைப் பிரிந்து புந்தோங்கில் வாடகை அறையில் இருக்கும் பெண் ஆகியோருக்குத் தாதிப் படிப்பின் கதவு திறப்பதற்கு முன்பே மூடிவிடுகிறது.

இந்த ஏற்பாடு இன்னொருவரையும் மெல்லத் தப்பவிடுகிறது: அப்பாவை. பாட்டி இருப்பதால் அவர் இரவு எழ வேண்டியதில்லை, பால் கலக்க வேண்டியதில்லை. மனைவி இரவு முறையில் இருக்கும் வாரத்திலாவது பிள்ளையைத் தானே குளிப்பாட்டித் தூங்கவைக்கும் கணவர்கள் உண்டு. அவர்களை நாம் வியந்து பாராட்டுகிறோம். பாராட்ட வேண்டியிருப்பதே நிலைமையைக் காட்டுகிறது.

என்னை அதிகம் வருத்துவது தாய்ப்பால் விஷயம். நம் அரசு மருத்துவமனைகள் தாய்ப்பாலை ஆதரிப்பவை. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே என்று ஒவ்வொரு தாய்க்கும் சொல்லித்தர வேண்டும் என்பது பயிற்சித் தாதிக்குப் பாடம். அவளும் பிரசவ வார்டில் கட்டில் கட்டிலாகப் போய்ச் சொல்கிறாள். ஆனால் பால் கட்டி வலிக்கும் மார்போடு, கழிவறையில் அவசரமாகப் பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு, சீருடையின் ஈரத்தைக் கோப்பால் மறைத்துக்கொண்டு அவள் வார்டுக்குத் திரும்ப நேர்ந்தால், அந்தப் பாடத்துக்கு என்ன மதிப்பு?

சட்டமும் அவளைப் பார்ப்பதில்லை. 2023 ஜனவரி முதல் தீபகற்ப மலேசியாவில் தனியார் துறைப் பெண் ஊழியருக்குப் பேறுகால விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. கல்லூரி மாணவி ஊழியர் அல்லர். அவருக்கு இது பொருந்தாது. 2024-இல் அரசுத் தாதியரின் வார வேலைநேரத்தை 42-லிருந்து 45 மணியாக்கும் பேச்சு வந்தபோது தாதியர் தரப்பு உரக்கக் குரல் கொடுத்தது. வார்டில் அவர்கள் பக்கத்திலேயே நிற்கும் பயிற்சி மாணவிக்கு அப்படி ஒரு குரல் கிடையாது.

தாயான மாணவியைக் கணக்கில் எடுக்காத இந்தப் போக்கின் வேர் பழையது. 1860-இல் இலண்டனில் நைட்டிங்கேல் தொடங்கிய பள்ளி, விடுதியில் தங்கும் மணமாகாத பெண்ணை மனத்தில் வைத்து அமைந்தது. அந்த மரபில்தான் மலாயாவிலும் பயிற்சி வேர்விட்டது. அதே இங்கிலாந்து இன்று பிள்ளை உள்ள தாதி மாணவிக்கு ஆண்டுக்கு 2,000 பவுண்டு தனி உதவித்தொகை தருகிறது. நாம் மட்டும் பழைய விடுதிப் பெண்ணுக்கே அட்டவணை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

பயிற்சி மணிநேரத்தில் ஒன்றைக்கூடக் குறைக்க வேண்டாம். பயிற்சி முறை அட்டவணையை ஒரு மாதம் முன்பே கையில் கொடுங்கள். மருத்துவமனைகளில் ஊழியர் பிள்ளைகளுக்கான பராமரிப்பு மையம் இருந்தால், பயிற்சி மாணவியின் பிள்ளைக்கும் அங்கே இடம் ஒதுக்குங்கள். இரவு முறைக்கும் திறந்து வையுங்கள். பிரசவத்துக்காக ஒரு பருவம் நின்றவள், விட்ட இடத்திலிருந்தே தொடரட்டும். தாதிகள் போதவில்லை என்று சொல்லும் நாட்டுக்கு இவை பெரிய செலவல்ல. ஈப்போவிலும் சுற்றுவட்டாரத்திலும் தாதியர் கல்லூரி நடத்துகிறவர்கள் அடுத்த மாணவர் சேர்க்கைக்கு முன் இதைப் பேசி முடிவெடுக்க வேண்டும். மகளை அங்கே சேர்க்கப்போகும் பெற்றோர், கட்டணத்தைக் கேட்கும்போதே இதையும் கேளுங்கள்.