பற்றறிப் பெட்டிக்கு வலயம் வேண்டாமா?

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மின்திட்டத்தைப் பற்றிய வாதமெல்லாம் சீனாவா இந்தியாவா என்பதோடு நின்றுவிட்டது. 2021இல் சீனக் கூட்டு நிறுவனத்துக்குக் கிடைத்த வேலை, 2024 மார்ச்சில் இந்திய நன்கொடையுடன் பெங்களூர் நிறுவனமொன்றுக்கு மாறியது. அதிலுள்ள 2,400 கிலோவாட்மணிப் பற்றறியைப் பற்றி எவரும் பேசவில்லை. லித்தியம் கலம் மூடியது, வாயு விடாது, ஆகவே அபாய வலயம் குறிக்கத் தேவையில்லை என்ற வாதம் மின்துறையில் பரவலாக உண்டு. அது தவறு.

வலய முறை பயனற்றதல்ல. எரியும் வாயு நீங்காதிருக்கும் இடம் வலயம் 0, வழமையான இயக்கத்தில் இடையிடையே வரும் இடம் 1, அரிதாக வந்து விரைவில் அகலும் இடம் 2 எனப் பிரிப்பதால்தான் எல்லா இடத்திலும் விலையுயர்ந்த வெடிப்புக் காப்புக் கருவி பூட்டாமல் தப்புகிறோம். மின்னேற்றும்போதே ஐதரசன் விடும் ஈய அமிலப் பற்றறி அறைக்கு அது நன்றாகப் பொருந்தும்.

ஆனால் இவ்வலயங்களை வகுக்கும் ஐஇசி 60079-10-1 நியமம் பேரழிவுக் கோளாறுகளைக் கணக்கில் எடுப்பதில்லை. லித்தியத்தின் வெடிப்பு அபாயமோ அங்கேதான் இருக்கிறது. ஒரு கலம் கட்டுமீறிச் சூடேறினால் ஐதரசனும் காபனோரொட்சைட்டும் பீறிடும். லித்தியம் இரும்புப் பொசுபேற்று வகைக் கலம் எளிதில் சூடேறாது என்பது உண்மை. சூடேறினால் அது விடும் வாயுவிலும் ஐதரசன் மிகுதி. காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஐதரசன் தீப்பற்றும். வலயம் இல்லையென்று ஏட்டில் எழுதிவிட்டால், பெட்டிக்குள் சாதாரண மோட்டரும் ரிலேயும் விளக்கும் பூட்டத் தடையில்லை. வாயுவை வெளியேற்ற வேண்டிய விசிறியே தீப்பொறியைத் தரலாம்.

2019 ஏப்ரல் 19இல் அமெரிக்காவின் அரிசோனாவில் 2 மெகாவாட்மணி லித்தியம் பற்றறிக் கூடமொன்றில் இத்தகைய வாயு வெடிப்பு நடந்தது. தீயணைப்பு வாயு பாய்ந்தும் கலங்களின் சிதைவு நிற்கவில்லை. சுமார் 3 மணி நேரத்தின் பின் கதவைத் திறந்தார்கள். சில நிமிடங்களில் கூடம் வெடித்தது. தீயணைப்பு வீரர் நால்வர் படுகாயமடைந்தனர். மூன்று தீவுகளுக்கும் சேர்த்து நாம் வைக்கும் அளவும் ஏறக்குறைய அதுவே.

தீவுகளின் உப்புக்காற்று விசிறியின் தாங்கியையும் மின் இணைப்பையும் அரிக்கும். பழுதுபார்ப்பவர் குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகேற வேண்டும். சோளகம் பலத்தால் படகு ஓடாது. காற்றோட்டம் தவறாது என்று கொழும்பில் இருந்து எழுதுவது நெடுந்தீவில் செல்லாது.

திட்டத்தைப் பொறுப்பேற்குமுன் மின்சார அதிகாரிகள் ஒப்பந்தக்காரரிடம் மூன்றைக் கேட்க வேண்டும்: கலச் சிதைவையும் வாயுக்கசிவாகக் கொண்ட வலய வரைபடம், வெடிப்புக் காப்புள்ள விசிறி, பெட்டிக்கு வெளியே வாயு அளவைக் காட்டும் கருவி. இவை இல்லாத பெட்டியை எந்தத் தீவிலும் இறக்க விடக்கூடாது.