'விசர்' என்னும் சொல்லும் இருமுனைப் பிறழ்வும்

யாழ்ப்பாணத்துப் பேச்சுவழக்கில் 'விசர்' வசைச்சொல். அதுவே வழிபாட்டுச் சொல்லுமாகும். நல்லூர்த் தேரடியில் வாழ்ந்து 1915இல் மறைந்த செல்லப்பா சுவாமிகளை ஊரார் விசரரென்றனர். சீடர் யோகர் சுவாமிகளின் புகழ் பரவியபின் அச்சொல் ஞானத்தின் மறுபெயராயிற்று.

இவ்விரு வழக்கும் முரணானவையெனக் கொள்ளல் பொருந்தாது. துறவியாயினும் தூற்றப்படுவோனாயினும், குடும்பத்துக்கும் உழைப்புக்கும் புறத்தே நிறுத்தப்பட்டவனையே அச்சொல் சுட்டுகின்றது. சில கிழமைகள் உறக்கமே வேண்டாத எழுச்சியிலும், பின்னர் மாதக்கணக்கில் எழமாட்டாச் சோர்விலும் உழன்று, இடைப்பட்ட காலமெல்லாம் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் ஆசிரியையைக் குறிக்க நம்மிடம் சொல்லில்லை. 'இருமுனைப் பிறழ்வு' என்னும் மருத்துவத் தொடர் இன்னும் வீட்டு முற்றத்துக்கு வந்துசேரவில்லை.

அவுஸ்திரேலிய மருத்துவர் ஜோன் கேட் இலிதியத்தின் பயனை 1949இல் வெளியிட்டார். குருதிச் சோதனையுடன் அதனை ஒழுங்காக உட்கொண்டு தொழில்புரிவோர் இன்று பலர். ஆயினும் மாத்திரை ஏன் ஒளிக்கப்படுகின்றது? பேய், செய்வினை என்பனவற்றை நமது முற்போக்காளர் சாடி ஓய்ந்தனர். தங்கையின் கலியாணப் பேச்சில் சீதனம் ஏறிவிடுமென்னும் அச்சத்தை அவர்கள் தொட்டிலர். மூடநம்பிக்கையினும் வலியது அதுவே.

போர் தந்த உளவடுக்களைத் தயா சோமசுந்தரம் எழுதியபோது நாம் ஆர்வத்தோடு படித்தோம். அங்கே குற்றவாளி வெளியே நின்றான்.

நாமறிந்தவரை, நமது சிறுகதைகளில் விசரன் சந்தியில் நின்று தீர்க்கதரிசனமே உரைக்கின்றான். தெல்லிப்பளை மனநலப் பிரிவில் மருந்து பெற்று, பேருந்தேறி, மறுநாள் வேலைக்குச் செல்பவனை அங்கே நாம் கண்டதில்லை.