பன்மொழித் திறமையும் செவிகொடுத்தலும்

தென்பெண்ணையாறு கர்நாடகத்தினின்று தமிழகத்தினுள் புகுந்ததும் முதலில் தேக்கப்படும் இடம் ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி. இவ்வட்டாரத்தில் தெலுங்கு, கன்னடம், தமிழ், உருது ஆகிய நான்கும் அன்றாடம் வழங்குகின்றன. சிப்காட் தொழிற்சாலைகளை நாடி வந்த வடநாட்டுத் தொழிலாளரால் இந்தியும் சேர்ந்துள்ளது. எழுத்தறியாதவரும் இங்குச் சந்தையில் இரண்டு மூன்று மொழிகளில் விலை பேசுவர். ஆதலின், இத்தகைய எல்லைப் பகுதிக்கு அனுப்பப்படும் திருப்பணியாளர் பன்மொழி வல்லுநராதல் வேண்டும் என்பர். இக்கருத்து சரியே, ஆயினும் அது மட்டும் போதுமா? இதற்கு விடை காண, தமிழ்த் திருமறை மொழிபெயர்ப்பாளர் இருவரின் பணியை ஒப்புநோக்குதல் நலம்.

1719இல் தரங்கம்பாடிக்கு வந்த பெஞ்சமின் சூல்ட்சே, சீகன்பால்கு ரூத்தின் புத்தகம் வரை விட்டுச்சென்ற பழைய ஏற்பாட்டைத் தமிழில் நிறைவு செய்தார். பின்னர்ச் சென்னையில் பணியாற்றுகையில் தெலுங்கையும் இந்துஸ்தானியையும் கற்று, இரண்டிற்கும் இலக்கணம் வரைந்தார். அம்மொழிகளிலும் திருமறையைப் பெயர்க்க முற்பட்டார். ஆயினும் அவருடைய தமிழ் நடை கரடுமுரடானது என்னும் குறை எழுந்தது.

அக்குறையை நீக்க முனைந்தவர், 1742 முதல் சென்னையில் உழைத்த யோகான் பிலிப் பப்ரீஷியஸ். தாம் எழுதியதைத் தமிழர்க்கு உரக்க வாசித்துக் காட்டி, அவர்கள் கூறியவற்றைக் கேட்டுக் கேட்டுத் திருத்தினார். அவருடைய புதிய ஏற்பாடு வேப்பேரி அச்சகத்தில் 1772இல்தான் வெளிவந்தது. இவ்வாறு முதிர்ந்த மொழிபெயர்ப்பை லுத்தரன் சபையார் பல தலைமுறைகளாகப் போற்றினர்.

இதனால் சூல்ட்சேயின் உழைப்பு வீண் என்று நாம் தீர்ப்பளித்தல் ஆகாது. தெலுங்கரும் இந்துஸ்தானி பேசுவோரும் தமிழ் கற்று வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. தாமே அவர்களை நோக்கிச் சென்றார். "இங்கு எல்லாருக்கும் தமிழ் விளங்குமே" என்று கூறி, ஆராதனை முழுவதையும் ஒரே மொழியில் நடத்தி அமையும் நம்மை அவர் பணி கடிந்துகொள்கிறது. நான்கு மொழிகளில் தடையின்றிப் பேசிவிட்டு, கேட்டவர் உள்ளத்தில் அது எவ்வாறு விழுந்தது என வினவாது திரும்பும் நம்மையோ பப்ரீஷியஸின் பணி கடிந்துகொள்கிறது. விலை பேசும் மொழி வேறு. நோயுற்றவர் புலம்பும் மொழி வேறு. முன்னது கூடிவிட்டதனால் பின்னதும் கைவந்துவிட்டது என எண்ணுதல் பன்மொழி அறிந்தார்க்கு நேரும் மயக்கமாகும்.

பெந்தெகொஸ்தே நாளைப் பற்றி நாம் உரைக்கும்போது பேசினோரின் வரத்தையே சிறப்பிக்கிறோம். லூக்காவோ, மக்கள் தத்தம் மொழியில் கேட்டதை அப்போஸ்தலர் நடபடிகள் 2ஆம் அதிகாரத்தில் மும்முறை (வசனங்கள் 6, 8, 11) குறித்துள்ளார். இந்நோக்கில், கெலவரப்பள்ளி போன்ற ஊருக்குச் செல்லும் இறையியல் மாணவர், தாம் எழுதிய செபத்தை அவ்வூர் மூதாட்டி ஒருவருக்கு முதலில் வாசித்துக் காட்டி, "அம்மா, இதை நீங்கள் எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேட்பாராக. அவர் தரும் விடையைக் கொண்டு அச்செபத்தைத் திருத்தி எழுதுவதும் மொழிப் பயிற்சியே.