சப்வே மேல் விழுந்த பழி

2020 ஏப்ரலில், நியூயார்க் கொரோனாவில் தத்தளித்தபோது, எம்.ஐ.டி. பொருளாதாரப் பேராசிரியர் ஜெஃப்ரி ஹாரிஸ் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். நகரம் முழுக்கத் தொற்றை விதைத்தது சப்வே ரயில்தான் என்று தலைப்பிலேயே சொல்லிவிடுகிறார். இப்போது நிதானமாகப் படித்தால், அந்தத் தலைப்பைத் தாங்கும் அளவுக்கு உள்ளே ஆதாரம் இல்லை.

அவருடைய முக்கிய வாதம் இது. மன்ஹாட்டனில் மார்ச் இறுதிக்குள் சப்வே பயணம் 90 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. தொற்று இரட்டிக்கும் வேகமும் குறைந்தது. எந்தப் பாதைகளில் கூட்டம் அதிகம் குறைந்ததோ, அவை போகும் பகுதிகளில் பின்னால் தொற்றும் குறைவு.

எங்கள் சாஃப்ட்வேர் வேலையில் இரண்டு கிராஃப் சேர்ந்து இறங்கினால், மூன்றாவதாக ஏதாவது இரண்டையும் இழுக்குதா என்றுதான் முதலில் தேடுவோம். இங்கே அது கண்ணுக்கு முன்னாலேயே இருக்கு: வேலை. மன்ஹாட்டன் ஆபீஸ்காரர் லேப்டாப்போடு வீட்டில் உட்கார்ந்துவிட்டார். குயின்ஸில் இருக்கும் சமையல்காரருக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் அது முடியாது. அவர் ரயிலில் போனார், சரி. ஆனால் நாள் முழுக்க ஆட்களுக்கு நடுவே வேலை பார்த்தார், நெரிசலான வீட்டுக்குத் திரும்பினார். எங்கே தொற்றியது என்று இந்தத் தரவு சொல்லாது.

விதிவிலக்குகளைப் பாருங்கள். ஸ்டேட்டன் தீவு சப்வேயோடு இணைக்கப்படாத பகுதி. ஆனாலும் முதல் அலையில் தலைக்கணக்கில் மன்ஹாட்டனைவிட அங்கே தொற்று அதிகம். மக்கள் நெருக்கத்தில் முதலிடம் மன்ஹாட்டனுக்கு; தொற்றில் அது பின்தங்கியே இருந்தது. சலீம் ஃபர்த் என்ற ஆய்வாளர், காரில் வேலைக்குப் போகிறவர்கள் அதிகம் உள்ள பகுதிகளில்தான் தொற்று அதிகம் என்று காட்டி, நோயை விதைத்தது கார்கள்தான் என்று பதில் தலைப்பே வைத்தார்.

1854 லண்டன் காலராவில் ஜான் ஸ்நோவின் வரைபடத்தைத்தான் எல்லோரும் கொண்டாடுகிறோம். அவர் அதோடு நிற்கவில்லை, பொருந்தாத இடங்களையும் விசாரித்தார். சாவுகளுக்கு நடுவே இருந்த ஏழைகள் விடுதியில் 535 பேரில் 5 பேர்தான் காலராவில் இறந்தார்கள். காரணம், அங்கே தனிக் கிணறு இருந்தது. ஹாரிஸிடம் இல்லாதது இந்த விசாரணைதான்.

ரயில் பெட்டியில் தொற்றாது என்று நான் சொல்லவில்லை. மூடிய காற்று, முகக்கவசம் இல்லாத கூட்டம் என்றால் ஆபத்துதான். ஆனால் பழியை ரயில் மேல் போட்டால், வீட்டு நெரிசலும் சம்பளத்தோடு விடுப்பு இல்லாததும் விசாரிக்கப்படாமல் தப்பித்துவிடும்.

2020 மே 6 முதல் ஓராண்டுக்கு மேல் நள்ளிரவு சப்வேயை மூடினார்கள், பெட்டிகளைக் கழுவ என்று. மேற்பரப்பு வழியாகத் தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு என்று 2021 ஏப்ரலில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமே சொல்லிவிட்டது. அந்த ஓராண்டு ராத்திரி ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்குக் காத்து நின்றவர்களில் ஆஸ்பத்திரியைக் கழுவிய தொழிலாளர்களும் இருந்தார்கள்.