போட்டியை அளக்கும் கோல் – ஒரு திறனாய்வு

ஹார்வர்டு வணிகப் பள்ளிப் பேராசிரியர் மைக்கேல் போர்ட்டர் 1980-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘போட்டி உத்தி’ என்னும் ஆங்கில நூல், வணிகம் பயில்வோர்க்கு இன்றளவும் அடிப்படை நூலாக விளங்குகின்றது. ஒரு தொழிலின் இலாபத்தை ஐந்து விசைகள் தீர்மானிக்கின்றன என்பது அதன் மையக் கருத்து. உடன்தொழில் புரிவோரின் போட்டி, புதிதாய்ப் புகுவோர், மாற்றுப் பொருள், வாங்குவோர் வலிமை, வழங்குவோர் வலிமை ஆகியனவே அவை. பக்கத்துக் கடைக்காரனை மட்டுமே போட்டியாளனாகக் கருதுவோர்க்கு இந்நூல் கண் திறப்பது உண்மை.

இக்கொள்கையை உரைத்துப் பார்க்க நமக்கு இரப்பர் தொழிலே உரைகல்லாகும். 1922-இல் ஸ்டீவன்சன் திட்டத்தின் கீழ் மலாயாவும் இலங்கையும் இரப்பர் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தின. விலை ஏறியது. ஆயின் விளைந்தது என்ன? திட்டத்திற் சேராத டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளில், அஃதாவது இன்றைய இந்தோனேசியாவில், சிறுதோட்டக்காரர் உற்பத்தியைப் பெருக்கினர். பெரிதும் வாங்கிவந்த அமெரிக்கரோ தாமே தோட்டம் போட முனைந்தனர். 1926-இல் பயர்ஸ்டோன் நிறுவனம் லைபீரியாவில் நிலம் பெற்றது. 1928-இல் திட்டம் கைவிடப்பட்டது. வாங்குவோனே போட்டியாளனாக மாறக்கூடும் என்னும் போர்ட்டரின் எச்சரிக்கைக்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

எனினும் நூலில் இரு குறைகள் உள. 1942-இல் மலாயா ஜப்பானியர் கைப்பட்டது. அமெரிக்கா செயற்கை இரப்பரைப் பேரளவில் உற்பத்தி செய்யலாயிற்று. போர் ஓய்ந்தும் அம்மாற்றுப் பொருள் ஓயவில்லை. தொழில்கள் மாறும் முறைக்குத் தனி இயலே வகுத்த ஆசிரியர், அரசை மட்டும் ஐந்து விசைகளின் வழியே செயற்படும் துணைக் காரணமாக வைத்தமைந்தார். நம் வரலாறோ அரசும் போரும் சந்தையையே புரட்டியதைக் காட்டுகின்றது.

இரண்டாவது குறை பெரிது. தொழிலாளரையும் அவர் ‘வழங்குவோர்’ வரிசையில் வைக்கின்றார். வழங்குவோர் வலிமை குன்றினால் முதலாளிக்கு நலம் என்பது கணக்கு. அவ்வாறாயின், சங்கமும் போக்கிடமும் அற்ற தொழிலாளி முதலாளிக்கு ஒரு நற்பேறு அன்றோ! தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், பால்மரம் சாய்ந்து செம்பனை எழுந்தபோதும், முதலாளிக்கு அது உத்தி. வெளியேற நேர்ந்த தொழிலாளிக்கோ வேலையும் வீடும் பிள்ளைகளின் பள்ளியும் ஒருங்கே இழப்பு.

வழங்குவோர் தாமே தொழிலில் இறங்குவதை நூல் அச்சுறுத்தல் என்கின்றது. 1960-இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் வாயிலாக, தோட்டத் தொழிலாளர் தம் சிறுசேமிப்பைத் திரட்டித் தோட்டங்களையே வாங்கினர். நூலார்க்கு அச்சுறுத்தலாய்த் தோன்றுவது நம்மவர்க்கு மீட்சியாயிற்று!

ஆகவே கோல் பழுதன்று. அதனைப் பிடித்த கை ஒரு பக்கத்ததே. இந்நூலைக் கற்பிக்கும் ஆசிரியர், ‘இஃது யாருடைய இலாபத்தை அளக்கின்றது?’ என்னும் வினாவையும் மாணவர்க்குச் சேர்த்தே கற்பித்தல் வேண்டும்.